பவுடர் கோட்டிங்கை எடுக்க எந்த வழி? முதலில் உலோகத்தைப் பாருங்கள்

பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 ஒன்றையோ எண்பதுகளில் வந்த புல்லட் ஒன்றையோ வாங்கிப் புதுப்பிக்க முனைகிறவர்கள் பலரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். அந்த வண்டிகள் தொழிற்சாலையை விட்டு வந்தபோது மேலே இருந்தது பெயின்ட். நடுவில் கைமாறிய காலத்தில் யாரோ ஒருவர் சேஸிலிருந்து ஸ்டாண்டு வரை, சில வண்டிகளில் ஹப்பும் எஞ்சின் கவரும் உட்பட, எல்லாவற்றுக்கும் கறுப்புப் பவுடர் கோட்டிங், அதாவது பொடியைத் தூவி அடுப்பில் சுட்டுப் பிடிக்கவைக்கும் பூச்சு, கொடுத்துவிட்டார். புதிதில் பளபளவென்றுதான் இருந்திருக்கும். ஆனால் துருவைச் சரியாக எடுக்காமல் அடித்த பூச்சு, சில மழைக்காலங்கள் கழிந்ததும் வெல்டிங் ஓரங்களில் கொப்புளிக்கிறது. அந்த இடத்தில் நகத்தால் கீறினாலே ஏடு ஏடாக உரிகிறது. இரண்டு அங்குலம் தள்ளி, உளி வைத்துத் தட்டினாலும் அசைய மறுக்கிறது.

இதை எப்படி எடுப்பது என்று கேட்டால் கிடைக்கும் பதில், யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும். பிளாஸ்டிங் பட்டறைக்காரர் பிளாஸ்டிங்தான், அதாவது காற்றழுத்தத்தால் துகள்களை வீசிப் பூச்சை வெட்டுவதுதான், ஒரே வழி என்பார். பெரிய அடுப்பு வைத்திருப்பவர் சுட்டெடுத்துவிடலாம் என்பார். பெயின்ட் கடைக்காரர் ஒரு டப்பா ரிமூவரை எடுத்து நீட்டுவார். யாரும் பொய் சொல்லவில்லை, எல்லா வழியிலும் பூச்சு போய்விடும். பூச்சோடு சேர்ந்து வேறு என்ன போகும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. பூச்சை மறுபடி போட்டுக்கொள்ளலாம். பேரிங் உட்காரும் துளை தேய்ந்தாலோ, அலாய் சக்கரம் வலுவிழந்தாலோ, சேஸ் எண் மங்கினாலோ அவை திரும்ப வரா. ஆர்எக்ஸ் 100 போல 1996-இல் தயாரிப்பு நின்றுபோன வண்டிக்கு மாற்றுப் பாகம் தேடி அலைந்தவர்களுக்கு இந்த வலி தெரியும். அதனால் இங்கே வழிகளை எடைபோடும்போது, அடியிலுள்ள உலோகத்துக்கு எது தீங்கு செய்யாது என்பதையே முதல் அளவுகோலாக வைத்திருக்கிறேன். வேகமும் செலவும் அதற்குப் பிறகு.

பெயின்ட்டைத் தின்னர் கரைப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்குப் பவுடர் கோட்டிங்கின் பிடிவாதம் வியப்பாக இருக்கும். பொடியை மின்னேற்றி உலோகத்தில் ஒட்டவைத்து, 180 முதல் 200 பாகை செல்சியஸ் வரை சூடான அடுப்பில் 10 முதல் 20 நிமிடம் வைக்கிறார்கள். அங்கே பொடி உருகிப் பரவுவதோடு வேலை முடிவதில்லை. அதிலுள்ள பாலியஸ்டர் அல்லது எபாக்ஸி பிசினின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்காகப் பிணைந்து ஒரே வலையாகிவிடுகின்றன. அந்தப் பிணைப்பு ஏற்பட்ட பிறகு அது மறுபடி உருகாது, தின்னரிலும் கரையாது. வழக்கமான தடிமன் 60 முதல் 80 மைக்ரான். கடினமாக இருந்தாலும் ஓரளவு வளைந்துகொடுக்கும் தன்மையும் உண்டு. மேலே மோதும் துகளைத் திருப்பி எறிய அந்த நெகிழ்ச்சி போதும். ஆக நமக்கு இருக்கும் வழிகள் இவைதாம்: கூரான துகளால் வெட்டி எடுப்பது, வேதிப்பொருளால் ஊறவைத்துத் தூக்குவது, எரிப்பது, கையால் தேய்ப்பது.

எடுக்கத்தான் வேண்டுமா?

பூச்சு எங்கும் தூக்காமல், துரு தெரியாமல், நிறம் மட்டும் பிடிக்கவில்லை என்றால் எடுக்காதீர்கள். 220 அல்லது 320 எண் உப்புத்தாளால் பளபளப்பு போகும் அளவுக்குத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, மேலே எபாக்ஸி பிரைமரும் பெயின்ட்டும் அடித்தால் நன்றாகவே பிடிக்கும். பழைய பவுடரின் மேல் இன்னொரு பவுடரும் போடலாம்தான். ஆனால் அடியிலிருக்கும் பூச்சு மின்சாரத்தைத் தடுப்பதால் புதுப் பொடி சீராக ஒட்டுவது கடினமாகிறது, தடிமனும் கூடிக்கொண்டே போகிறது. போல்ட் உட்காரும் முகங்களில் தடித்த பூச்சு நாளடைவில் நசுங்கி, முறுக்கி வைத்த போல்ட் தளர்ந்துவிடும். இரண்டாவது பவுடரை நான் பரிந்துரைப்பதில்லை.

எடுத்தே தீர வேண்டிய நிலைமைகளும் உண்டு. பூச்சின் அடியில் துரு ஓடிக்கொண்டிருப்பது, மரைகளும் பேரிங் இருக்கைகளும் பூச்சால் அடைபட்டிருப்பது, பேட்டரியின் எர்த் இணைப்பு உலோகத்தைத் தொடாமல் நிற்பது ஆகியவை வெளிப்படையானவை. இவற்றை விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. தடித்த பூச்சு வெல்டிங் விரிசலை மறைத்துவிடும். விபத்தில் வளைந்து நிமிர்த்திய சேஸா, இடையில் எங்காவது வெட்டிப் பற்றவைத்த குழாயா என்பது வெறும் உலோகத்தில்தான் தெரியும். முன் வரலாறு தெரியாத வண்டியை வாங்கியவர், பூச்சு எவ்வளவு அழகாக இருந்தாலும், ஸ்டீயரிங் கழுத்தையும், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் பிணையும் இடத்தையும் ஒருமுறை திறந்து பார்க்கத்தான் வேண்டும். அங்கே விரிசல் விட்ட வண்டியில் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போவதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

பிளாஸ்டிங்

இரும்புச் சேஸுக்கு இதுதான் முதல் தேர்வு. முழுச் சேஸிலிருந்தும் பூச்சையும் அதன் அடியிலிருக்கும் துருவையும் ஒரே ஓட்டத்தில், கட்டுப்படியாகும் செலவில் எடுக்கும் வழி இதுதான். வேதிப்பொருள் பூச்சைத் தூக்கும், துருவை விட்டுவிடும். அடுப்பும் அப்படியே. அத்துடன் பிளாஸ்டிங் முடிந்த இரும்பின் மேற்பரப்பு நுண்ணிய சொரசொரப்போடு இருப்பதால் அடுத்து வரும் பூச்சு இறுகப் பிடிக்கிறது.

ஆனால் எந்தத் துகள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஊரில் எல்லோரும் சாண்ட் பிளாஸ்டிங் என்று சொல்லிப் பழகிவிட்டோம், சில பட்டறைகளில் உண்மையாகவே ஆற்று மணலைத்தான் வீசுகிறார்கள். மணல் என்பது குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. உலோகத்தில் மோதி உடையும்போது எழும் நுண்தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் நோயைத் தருகிறது. அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. பிரிட்டனில் வார்ப்புகளையும் அது போன்ற பொருள்களையும் மணலால் பிளாஸ்டிங் செய்வதை 1949-இல் கொண்டுவந்த விதிகளிலேயே தடுத்துவிட்டார்கள். நம் நாட்டின் 1948 தொழிற்சாலைகள் சட்டமும் சிலிகோசிஸை அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய தொழில்நோய்களில் ஒன்றாக வைத்திருந்தது. முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு மணல் வீசும் பையனிடம் உங்கள் சேஸைக் கொடுக்காதீர்கள். கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்து, வெளியிலிருந்து காற்று வரும் தலைக்கவசமும் தூசி உறிஞ்சும் அறையும் உள்ள பட்டறையைத் தேடுங்கள்.

மணலுக்கு நல்ல மாற்று கார்னெட். சுருக்கென்று வெட்டும், தூசி குறைவு, தனித்த சிலிக்கா மிகக் குறைவு. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட், சிர்கானோடு சேர்ந்து கிடைக்கும் கனிமம்தான் இது, எங்கிருந்தோ வரவழைக்க வேண்டிய அரிய பொருள் அன்று. அலுமினியம் ஆக்சைடு இன்னும் கடினமானது, உடையாமல் பலமுறை பயன்படும். பவுடர் கோட்டிங்கை வெட்ட இவ்விரண்டும் போதும். கண்ணாடி மணிகள் இந்த வேலைக்கு உதவா. உருண்டையாக இருப்பதால் நெகிழும் பூச்சின் மேல் பட்டுத் துள்ளிப் போய்விடுகின்றன. பூச்சு போன பிறகு அலுமினியத்துக்குச் சீரான சாட்டின் தோற்றம் தரத்தான் அவை. சமையல் சோடாவை வீசும் முறை உலோகத்தை ஒன்றும் செய்யாது, ஆனால் முழுதாக வெந்த பவுடரின் முன் மிக மெதுவாகவே நகரும். இரும்புத் துகளை அலுமினியத்தின் மேல் வீசக் கூடாது. நுண்ணிய இரும்புத் துண்டுகள் மென்மையான அலுமினியத்தில் புதைந்து, பிறகு புதுப் பூச்சின் அடியில் துருப்புள்ளிகளாகவும் அரிப்பாகவும் வெளியே வரும். முந்தைய வேலையில் இரும்புத் துகள் ஓடிய அதே அறையில் உங்கள் ஹப்பைப் போடுகிறார்களா என்றும் கேளுங்கள்.

அழுத்தத்தையும் கேட்க வேண்டும். சேஸ் குழாய்க்கு 80 முதல் 100 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) வரை போகலாம். அலுமினியத்துக்கு 40 முதல் 60-க்குள் நிற்க வேண்டும். பூச்சு இருக்கும்வரை துகள் அதைத்தான் வெட்டுகிறது. பூச்சு போன நொடியில் உலோகத்தை வெட்டத் தொடங்குகிறது. ஒரு மூலையில் ஒட்டியிருக்கும் கடைசித் திட்டுக்காக அங்கேயே நாசிலை, அதாவது துகள் பாயும் குழாய்முனையை, நிறுத்திவைப்பவர், பக்கத்திலிருக்கும் உலோகத்தில் குழி பறித்துக்கொண்டிருக்கிறார்.

மட்கார்டு, பக்கவாட்டு மூடி, பெட்ரோல் டேங்க் போன்ற மெல்லிய தகடுகளுக்குப் பிளாஸ்டிங் ஆகாது. லட்சக்கணக்கான துகள்கள் தகட்டின் ஒரு பக்கத்தைத் தட்டித் தட்டி நீட்டிவிடுவதால் அது அலையலையாக வளைந்துவிடும். எவ்வளவு பட்டி வைத்தாலும் அந்த வளைவு வெயிலில் தெரியும்.

சேஸை அனுப்பும் முன் நீங்களே செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு. ஸ்டீயரிங் கழுத்தின் பேரிங்கான கோன் செட்டின் கிண்ணங்களையும் ஸ்விங் ஆர்ம் புஷ்களையும் கழற்றிவிடுங்கள். ஆனால் அவை உட்காரும் துளைகளைத் தடித்த டேப்பாலோ ரப்பர் அடைப்பாலோ மூடுங்கள், ஏனென்றால் அந்தத் துளையின் அளவில் நூறில் சில பங்கு மில்லிமீட்டர் மாறினாலும் கிண்ணம் ஆடும். மரைகள் ஒவ்வொன்றிலும் ஒரு பழைய போல்ட்டைத் திருகிவையுங்கள். குழாயில் இருக்கும் சிறு துளைகளை அடையுங்கள், உள்ளே புகுந்த கார்னெட் மாதக்கணக்கில் உதிர்ந்துகொண்டே இருக்கும். 1971 முதல் வந்த பிஎஸ்ஏ, டிரையம்ப் இரட்டை சிலிண்டர் வண்டிகள் சிலவற்றைப் போலச் சேஸ் குழாயிலேயே எஞ்சின் ஆயிலைச் சேமிக்கும் வண்டி உங்களிடம் இருந்தால், அதைப் பிளாஸ்டிங் அறைக்குள் அனுப்பவே வேண்டாம். ஒரு சிட்டிகைத் துகள் ஆயிலோடு கலந்தால் எஞ்சின் போயிற்று.

சேஸ் எண்ணைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். பொறித்த எழுத்துகள் ஆழமற்றவை, பழைய வண்டியில் ஏற்கெனவே துருவால் பாதி மங்கியிருக்கும். கார்னெட் அதன் மேல் சில நொடி நின்றால் போதும், எண் வாசிக்க முடியாமல் போகலாம். பிறகு ஆர்டிஓ அலுவலகத்தில் பென்சில் அச்சு எடுக்கும் நாளில், எண்ணைத் திருத்திய வண்டி என்ற சந்தேகத்துக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வண்டியைக் கொடுக்கும் முன் நீங்களே படம் எடுத்து, பென்சில் அச்சும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எண்ணின் மேல் பல அடுக்கு டேப் ஒட்டி மூடச் சொல்லுங்கள். அந்த ஓர் இடத்திலிருக்கும் பூச்சை மட்டும் பிறகு ரிமூவர் தடவி, மென்மையான பித்தளைப் பிரஷால் கையாலேயே எடுங்கள்.

வீட்டில் இருக்கும் சிறு கம்பிரஷரால் இதைச் செய்ய முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். கால் அங்குல நாசில் 80 அல்லது 90 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஓட நிமிடத்துக்கு ஏறத்தாழ 70 முதல் 80 கன அடி காற்று வேண்டும். 2 குதிரைத்திறன் கம்பிரஷர் தருவது அதில் பத்தில் ஒரு பங்கு. சிறு பெட்டிக்குள் கைப்பிடி, லீவர் போன்ற பொடிப் பாகங்களைச் சுத்தம் செய்யலாம். சேஸுக்கு அது ஆகாது.

ரிமூவர் என்னும் வேதிவழி

வார்ப்பு அலுமினியத்துக்கும், அடியில் குரோமோ பாலிஷோ இருக்கும் பாகத்துக்கும் என் தேர்வு இதுதான். வடிவத்தையும் அளவையும் மாற்றாமல் பூச்சை மட்டும் எடுப்பதில் இதற்கு இணை கிடையாது. புல்லட்டின் பாலிஷ் செய்த எஞ்சின் கவருக்கு மேல் கறுப்புப் பவுடர் அடித்திருக்கிறார்கள், அந்தப் பழைய வெள்ளிப் பளபளப்பு மறுபடி வேண்டும் என்பவர் அதைக் கார்னெட்டிடம் கொடுத்தால் சாம்பல் நிறச் சொரசொரப்புதான் திரும்பிவரும். அதிலிருந்து மீண்டும் பளபளப்புக்குக் கொண்டுபோவது பல நாள் பஃபிங் வேலை. ஆர்எக்ஸ் 100-இன் குரோம் மட்கார்டும் அப்படித்தான். பவுடர் அடிப்பதற்கு முன் யாரும் குரோமைச் சுரண்டாமல் விட்டிருந்தால், நல்ல ரிமூவர் அதை உயிரோடு வெளியே எடுத்துத் தரும்.

ரிமூவர்கள் எல்லாம் ஒன்றல்ல. டப்பாவின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டு, பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் உட்பொருளைப் படியுங்கள். மெத்திலீன் குளோரைடு என்றோ டைகுளோரோமீத்தேன் என்றோ இருந்தால் அது பவுடரை உண்மையிலேயே எடுக்கும். மிகச் சிறிய மூலக்கூறு என்பதால் பிசின் வலைக்குள் நுழைந்து அதை ஊதவைக்கிறது. ஊதிய பூச்சு உலோகத்தை விட்டுச் சுருங்கி எழும்பி வரும், கரையாது. உப்புத்தாளால் முதலில் கீறிவிட்டு, கெட்டியாகத் தடவி, காற்றுப்படாமல் பாலிதீன் தாளால் மூடிவைத்தால் வேகமாக வேலை செய்யும்.

ஆனால் அது ஆளைக் கொல்லக்கூடியது. 40 பாகையிலேயே கொதிக்கும் திரவம், அதாவது நம் ஊர்ச் சித்திரை வெயிலில் திறந்த டப்பாவே ஆவியாகிக்கொண்டிருக்கும். ஆவி காற்றை விடக் கனமானதால் மூடிய அறையின் தரையோடு தேங்குகிறது. உடலுக்குள் போனதும் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. அமெரிக்காவில் குளியல் தொட்டிகளின் பழைய பூச்சை இதைக் கொண்டு எடுத்த தொழிலாளர்கள் குளியலறைக்குள்ளேயே இறந்துகிடந்திருக்கிறார்கள். அங்கே 2019-இல் பொதுமக்களுக்கு விற்பதைத் தடைசெய்தார்கள், 2024-இல் தொழில் பயன்பாட்டிலும் பெரும்பகுதியை நிறுத்தும் விதி வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு முன்பே கட்டுப்படுத்திவிட்டது. சாதாரண ரப்பர் கையுறையையும் நைட்ரைல் கையுறையையும் அது சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். பக்கத்தில் தீயோ சிவந்த கம்பியோ இருந்தால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உருவாகும். வீட்டுக் கொல்லையிலோ மூடிய கார் நிறுத்தத்திலோ இதைப் பயன்படுத்தலாம் என்று என்னால் எழுத முடியாது.

பென்சைல் ஆல்கஹால் அடிப்படையிலான ரிமூவர்கள் அவ்வளவு ஆபத்தானவை அல்ல, ஆனால் பொறுமை வேண்டும். மணிக்கணக்கில், சில பூச்சுகளுக்கு ஓர் இரவு முழுவதும் ஊற வேண்டும். திரும்பத் திரும்பத் தடவ வேண்டும். இவற்றில் வேகத்துக்காக ஃபார்மிக் அமிலம் சேர்த்த வகைகள் உண்டு. அவற்றை ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கிலும் உயர் வலிமை போல்ட்டுகளிலும் தடவாதீர்கள். அமிலம் இரும்பைத் தாக்கும்போது பிறக்கும் ஹைட்ரஜன் அந்த எஃகுக்குள் நுழைந்து அதை நொறுங்கும் தன்மையுள்ளதாக்கிவிடும். வெளியே எந்த அடையாளமும் இருக்காது, பாரம் ஏறும்போது ஒரு நாள் படாரென்று முறியும்.

காஸ்டிக் சோடா மலிவு, எளிதில் கிடைக்கிறது என்பதால் அதைச் சூடாக்கி ஊறவைக்கச் சொல்கிறவர்கள் உண்டு. இரும்பை அது ஒன்றும் செய்யாது, பாலியஸ்டர் பூச்சின் பிணைப்புகளை மெதுவாக உடைக்கவும் செய்யும். எபாக்ஸி கலந்த பூச்சிடம் திணறும். அலுமினியத்தை அதில் போட்டால் பூச்சோடு அலுமினியமும் கரையும், ஹைட்ரஜன் வாயு பொங்கும், வினையின் சூட்டிலேயே வினை வேகமெடுக்கும். ஆனோடைஸ் செய்த மேற்பரப்பும் துத்தநாக முலாமும் போன இடம் தெரியாது. கண்ணில் ஒரு துளி தெறித்தால் பார்வையே போகலாம். இரும்புப் பாகம் என்று காந்தம் வைத்து உறுதிசெய்யாத எதையும் காஸ்டிக் தொட்டிக்குள் இறக்காதீர்கள்.

எந்த ரிமூவரானாலும் கழுவுவதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். மடிப்புகளிலும் போல்ட் துளைகளிலும் தங்கிய மிச்சம், புதுப் பூச்சு அடுப்பில் சூடாகும்போது கசிந்து அதைக் கொப்புளிக்க வைக்கும். உரித்த சேற்றைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அதில் கரைப்பானும் நிறமிகளின் உலோகங்களும் இருக்கின்றன.

சுட்டெடுப்பது

தொழிற்சாலைகளில், பூச்சு வேலைக்குப் பாகங்களைத் தொங்கவிடும் கொக்கிகளைச் சுத்தம் செய்ய வந்த முறை இது. காற்றைக் கட்டுப்படுத்திய அடுப்பில் 370 முதல் 430 பாகை வரை சூடாக்கும்போது பிசின் சிதைந்து வாயுவாகிறது, அந்தப் புகையைத் தனியாக இன்னும் உயர்ந்த சூட்டில் எரித்துவிடுகிறார்கள். நிறமி மட்டும் சாம்பலாக மிஞ்சும். அதைத் துடைக்கக் கழுவலோ லேசான பிளாஸ்டிங்கோ எப்படியும் தேவைப்படும். கனத்த இரும்புப் பாகங்கள் பலவற்றை ஒரே நேரத்தில் சுத்தம் செய்ய நல்ல வழி. சாதாரண மென் எஃகுக் குழாயின் வலு அந்தச் சூட்டில் குறையாது.

அலுமினியத்தின் கதை முற்றிலும் வேறு. வண்டிகளின் அலாய் சக்கரங்கள் பெரும்பாலும் டி6 என்ற பதத்தில் வருகின்றன. வார்த்த பிறகு 540 பாகை அளவில் சூடாக்கி, தண்ணீரில் சடாரென்று குளிர்வித்து, மறுபடி 155 பாகைக்குப் பக்கத்தில் மணிக்கணக்கில் வைத்து வலுவேற்றிய உலோகம் அது. அதை 400 பாகையில் வைத்தால் அந்த வலுவில் பெரும்பகுதி போய்விடும். சக்கரம் வளைந்திருக்காது, விரிசல் இருக்காது, பார்வைக்குப் புதிதுபோல இருக்கும். பள்ளத்தில் இறங்கும்போதுதான் தெரியும். அலாய் சக்கரம், ஃபோர்க் கிளாம்ப், அலுமினிய ஸ்விங் ஆர்ம், பிரேக் காலிப்பர் எதையும் சுட்டெடுக்கும் அடுப்புக்குக் கொடுக்கக் கூடாது. இதில் விதிவிலக்கே இல்லை. ஸ்பிரிங்குக்கும் வேண்டாம். அதன் துள்ளலே ஏறத்தாழ அதே வெப்பநிலைகளில் பதப்படுத்தியதால் வந்தது.

அடுப்பு இல்லாதவர்கள் கேஸ் பர்னரைப் பிடித்துச் சுடுகிறார்கள், சிலர் விறகில் போட்டு எரிக்கிறார்கள். சூடு எங்கே எவ்வளவு ஏறியது என்று யாருக்கும் தெரியாது, மெல்லிய குழாய் ஒரு பக்கம் வளையும், புகை அவ்வளவும் பக்கத்து வீட்டுக் குழந்தைகளின் மூச்சில் போகும். பெட்ரோல் டேங்க்கை எந்தச் சூட்டுக்கும் கொண்டுபோகாதீர்கள். காலியான டேங்க்கில் தங்கிய பெட்ரோல் ஆவி வெடிக்கும். நம் ஊர்ப் பழைய டேங்க்குகளில் ஓட்டையை ஈயம் பற்றவைத்து அடைத்திருப்பார்கள். ஈயமும் வெள்ளீயமும் கலந்த அந்தப் பற்று 183 பாகையிலேயே இளகத் தொடங்கும், பவுடர் கோட்டிங் அடுப்பின் சூட்டையே அது தாங்காது.

கையால் தேய்ப்பதும் லேசரும்

கிரைண்டரில் கம்பிக் கிண்ணம் மாட்டினால் பவுடர் உருகாவிட்டாலும் சூட்டில் மென்மையாகித் தேய்ந்து பரவும், வேலை ஓடாது. இதற்கென்று வரும் நார்வட்டுகள், பஞ்சுபோலத் துளைகளோடு இருப்பவை, நன்றாக எடுக்கின்றன, உலோகத்தையும் அதிகம் தின்பதில்லை. உப்புத்தாள் இதழ்களை அடுக்கிய ஃபிளாப் டிஸ்க் உலோகத்தையும் சேர்த்துத் தின்னும், வெல்டிங் தையலைச் சமமாக்கிவிடும், சேஸில் அது வலுக்குறைவு. எர்த் இணைப்பிடம், விரிசலோ என்று சந்தேகப்படும் வெல்டிங், ஸ்டாண்டு போன்ற சிறு பரப்புகளுக்குக் கைவேலை போதும். முழுச் சேஸையும் கையால் எடுக்கலாம் என்று தொடங்குபவர்கள் குழாய்கள் கூடும் மூலைகளில் வட்டு நுழையாமல் நின்றுவிடுகிறார்கள். லேசர் சுத்தமான வழிதான், துல்லியமாகவும் எடுக்கும். தடித்த பூச்சில் மெதுவாக நகரும், கட்டணம் அதிகம். சேஸ் எண்ணைச் சுற்றிய இடத்துக்கு வாய்ப்பிருந்தால் கேளுங்கள்.

ஒரு வண்டியை முழுதாகப் பிரித்து வைத்தால்

எந்தப் பாகத்தை எங்கே அனுப்புவேன் என்று சொல்லிவிடுகிறேன். சேஸ், இரும்பு ஸ்விங் ஆர்ம், ஸ்டாண்டுகள், கால்மிதி பிராக்கெட்டுகள் கார்னெட் பிளாஸ்டிங்குக்கு. அலாய் சக்கரத்துக்கும் ஹப்புக்கும் முதலில் அமிலமும் காரமும் இல்லாத ரிமூவர், மிச்சத் திட்டுகளுக்கு மட்டும் குறைந்த அழுத்தத்தில் நுண்ணிய அலுமினியம் ஆக்சைடு, பேரிங் துளைகளை அடைத்து. எஞ்சின் கவருக்கு ரிமூவர் மட்டும். எஞ்சினைப் பிரிக்காமல் அதன் மேல் எந்தத் துகளையும் வீச விடமாட்டேன், ஆயில் வழிகளுக்குள் அது எப்படியும் புகுந்துவிடும். மட்கார்டும் மெல்லிய மூடிகளும் ரிமூவரில். ஸ்பிரிங்கைப் பூச்சு நன்றாக இருந்தால் தொடவே மாட்டேன், தூக்கியிருந்தால் லேசான பிளாஸ்டிங். பூச்சு ஏறிய நட்டு போல்ட்டுகளைச் சுத்தம் செய்ய நேரம் செலவழிக்காமல், அதே வலிமை எண் உள்ள புதியவற்றை வாங்கிவிடுவேன்.

பணம் ஒரு வேலைக்குத்தான் இருக்கிறது என்றால் சேஸ் பிளாஸ்டிங்குக்குக் கொடுங்கள். சக்கரத்தின் பூச்சு அசிங்கமாக இருந்தாலும் இன்னும் ஓர் ஆண்டு காத்திருக்கலாம். சேஸின் அடியில் ஓடும் துரு காத்திருக்காது.

எடுத்த பிறகு நேரம் உங்களுக்கு எதிராக ஓடத் தொடங்குகிறது. பிளாஸ்டிங் முடிந்த இரும்பு முழு நிர்வாணம். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் சில மணி நேரத்திலேயே அதில் மஞ்சள் பூக்கும், வெறுங்கையால் தொட்ட இடத்தில் வியர்வை உப்பு விரல்ரேகையாகத் துருப்பிடிக்கும். சேஸைக் கையுறை போட்டுத் தூக்குங்கள். பிளாஸ்டிங் செய்யும் இடத்திலேயே, அதே நாளில், எபாக்ஸி பிரைமரும் அடித்துத் தருகிறவர்களைத் தேடுங்கள். ஆனால் பிரைமருக்கு முன் வெறும் உலோகத்தை ஒருமுறை நீங்கள் நேரில் பார்த்துவிடுங்கள், வெல்டிங்கில் விரிசல் இருந்தால் அது தெரியும் ஒரே வேளை அதுதான். சந்தேகமான தையலில் விரிசலைக் காட்டும் சிவப்புச் சாய ஸ்பிரே அடித்துப் பார்க்கச் சொல்லலாம்.

வார்ப்பு அலுமினியத்தில் வேறொரு சிக்கல். வார்ப்பின் நுண்துளைகளில் பழைய எண்ணெயும் ரிமூவரும் காற்றும் தங்கியிருக்கும். புதுப் பவுடர் உருகும் நேரத்தில் அவை வெளியேறி ஊசிமுனைத் துளைகளாக நின்றுவிடும். அதனால் ஹப்பையோ கவரையோ பவுடருக்குக் கொடுப்பதாக இருந்தால், பொடி தூவும் முன், பவுடரை வேகவைக்கும் சூட்டை விடச் சற்றே கூடுதலான சூட்டில் வெறும் பாகத்தை ஒருமுறை சுட்டு, ஆறவிட்டு, துடைத்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். சற்றே என்பதைப் பட்டறைக்காரரிடம் அழுத்திச் சொல்லுங்கள்: பத்து இருபது பாகை, அதற்கு மேல் வேண்டாம்.